நாய்க்கொட்டாய்க் குப்பையும் சரசுவின் கண்ணும்

தம்பி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் நாய்க்குட்டியின் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. என் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைக் கடைசி வரியில், பேனாவில் மை தீர்கிற நேரத்தில் கேட்டிருக்கிறாய். உடம்பு இருக்கிறது. முட்டி வலிக்கிறது, வெயிலில் நடந்தால் மூச்சு வாங்குகிறது, வாய் மட்டும் பழையபடி இருக்கிறது. அது பழையபடி இருக்கிறதென்று இந்தக் கடிதத்திலேயே தெரிந்துகொள்வாய்.

பெங்களூரில் கம்பெனி கொடுத்த வீட்டுக்குப் பின்னால் பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருக்கிறதாம். உன் மேலதிகாரி கல்யாணப் பரிசாக ஓர் அல்சேஷன் குட்டியை இப்போதே கொடுத்துவிட்டாராம். அது படுக்கிற வைக்கோலையும், அதன் மேல் அது போகிற ஒன்றுக்கு ரெண்டுக்கையும் வாரி, சமையல் கழிவோடு சேர்த்து நீ குழியில் போடுகிறாயாம். அந்த எருவில் தண்டுக்கீரையும் தக்காளியும் வைத்து, தை மாதம் கல்யாணத்துக்கு நான் வரும்போது கடைந்து போடுவாயாம். 'நீங்க சொல்லிக்குடுத்த எருக்குழியத்தாம்ப்பா இங்க போட்டிருக்கறேன்' என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் வருவதற்கே சட்டையைத் தூக்கி மூக்கில் கட்டிக்கொள்வாயே, அந்த மகாராசா இன்று நாய்ப்பீயைக் கையால் அள்ளுகிறார். அதிகாரி கொடுத்த நாய் என்றால் அதன் பீயும் மணக்கும்போல.

இது ஒன்று. இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். பெண்வீட்டாரிடம், உன் தங்கை சரசு கடைசிவரை உன் வீட்டில்தான் இருப்பாள், அதற்குச் சம்மதம் என்றால்தான் தாலி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாயாம். 'அவ கண்ண எடுத்தவன் நான். அவளுக்குக் கண்ணா இருக்க வேண்டியதும் நான்தான்.' இப்படி எழுதி, அதற்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். டெண்டுக் கொட்டாயில் இந்த வசனத்தைக் கேட்டால் பெஞ்சு டிக்கெட்காரன் விசில் அடிப்பான். எனக்குப் படித்ததும் உன்மேல் ஒரு குமட்டல் வந்தது. அரைமணி நேரம் கழித்து, அது யார்மேல் வர வேண்டுமோ அவன்மேல் வந்தது.

அதனால் இந்தக் கடிதத்தில் உன் நாயைப் பற்றியும் எழுதுகிறேன், சரசுவின் கண்ணைப் பற்றியும் எழுதுகிறேன். இரண்டும் ஒரே சங்கதிதான். அவள் கண்ணை நீ எடுக்கவில்லை. நான் எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன், அவசரப்படாமல் படி. பதின்மூன்று வருஷமாக நானும் அவசரப்படவில்லை. ஆனால் படிப்பதற்கு முன்னால் எழுந்து போய், அந்தக் குழியின் மேல் ஒரு முழம் மண்ணைப் போட்டு மூடிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா. கீரை முளைத்திருந்தால் பிடுங்கி எறி. வாயில் வைக்காதே.

எருக்குழி என்றால் என்ன என்று உனக்கு ஒருபோதும் தெரியாது. நீ பார்த்தது மேலே மொய்த்த ஈயை மட்டும்தான். பொழுது சாயும்போது மாடுகளுக்கு அடியில் ராகித் தாளையும் கடலைத் தோலையும் பரப்பி, அதன்மேல் நாலு கூடை செம்மண் தூவுவேன். மாட்டின் மூத்திரம் தரையில் ஓடி வீணாகக் கூடாது, அதைத் தாளும் மண்ணும் குடிக்க வேண்டும். விடிந்ததும் அந்த நனைந்த கூளத்தைச் சாணியோடு சேர்த்து வாரி, குழியில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, அதன்மேல் மண்ணை மூடி, அடுத்த நாள் அடுத்த அடுக்கு. குழி நிறைந்ததும் சேறு குழைத்து மேலே மெழுகிவிட வேண்டும். பத்து நாள் கழித்து ஒரு கடப்பாரையை உள்ளே செருகிவிட்டு உருவினால், அதைக் கை பொறுக்காது. உள்ளே அத்தனை சூடு. அந்தச் சூடுதான் களை விதையையும் புழுவையும் நோயையும் வேகவைக்கிறது. இதெல்லாம் தெரியாமல், அழுகினால் எரு ஆகிவிடும் என்று நினைக்கிறவன் குப்பைமேடுதான் வைத்திருக்கிறான். உன்னுடைய பெங்களூர்க் குழி அதுதான்.

உனக்கு எட்டு வயதில், பள்ளிக்கூடத்தில் பையன்கள் 'சாணி வருது, சாணி வருது' என்று சொல்கிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். நான் உன்னைச் சமாதானம் செய்யவில்லை. கூடையை உன் தலையில் ஏற்றி, பள்ளிக்கூடத்து வழியாகவே கொல்லைக்காட்டுக்கு நடக்கவிட்டேன். வெட்கம் போய்விடும் என்று நினைத்தேன். வெட்கம் போகவில்லை, என்மேல் பயம்தான் வந்தது. அந்தப் பயம் எனக்குப் பின்னால் ரொம்ப வசதியாகப் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி ஜில்லாவான புதுசு. புது ஜில்லா என்றதும் புது ஜீப்பு, புது ஆபீசர், புது நோட்டீசு. பிளாக் ஆபீசிலிருந்து கிராமசேவக் வந்து எருக்குழி போடுகிற முறையைச் சாவடியில் படம் மாட்டிக் காட்டுவார், நோட்டீசு கொடுப்பார், மற்றவர்கள் பீடி பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். நான் எட்டாவது வரை படித்தவன் இல்லையா, முன்னால் போய் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். 'இந்த ஊர்ல வெவரம் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தாங்க' என்று அவர் ஒருநாள் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஊரில் யாரைப் பார்த்தாலும் எனக்கு இளக்காரம். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இதே குழியில் இதே எருவைப் போட்டவர்களை, நோட்டீசில் படித்ததை வைத்துக்கொண்டு நான் மட்டம் தட்டினேன். அந்த வருஷம் ஒன்றியத்தில் சிறந்த எருக்குழிக்குப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு ஓர் இரும்புக் கலப்பை, கூடவே ஒரு சர்டிபிகேட். கலப்பை நம்மிடம் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் காகிதம்.

பேர் கொடுத்துவிட்டேன். மழை வரவில்லை. அந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும், ரேஷன் கடையில் மாவு வாங்கிக் கஞ்சி காய்ச்சினோம். தீவனம் இல்லாமல் நாலு மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிட்டேன், மிச்சம் இருந்தது ஒரு ஜோடி உழவு மாடு. இரண்டு மாட்டுச் சாணியில் பத்தடி நீளக் குழி எங்கே நிறையும்? பாதிக் குழியைக் காட்டினால் ஆபீசர் கோலை விட்டு அளந்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். யோசித்தேன். அப்போதுதான் மிலிட்டரிக்காரர் தோட்டம் ஞாபகம் வந்தது. பட்டாளத்தில் இருந்து ரிட்டையராகி ஏரிக்கு அந்தப்பக்கம் மாந்தோப்பு வாங்கியவர். ஏழு நாய் வைத்திருந்தார். நாய்களுக்குத் தனிக் கொட்டாய், கீழே தாள் பரப்பிப் படுக்கை. வாரத்துக்கு ஒருமுறை அந்தப் படுக்கையைப் பீயும் மூத்திரமும் முடியுமாக வாரி வெளியே தள்ளுவார்கள். கேட்டதும் 'எடுத்துட்டுப் போங்க' என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கொட்டாயைச் சுத்தம் செய்கிறவர் மாரப்பன் என்று ஒரு பெரியவர். நான் வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, 'இத வெள்ளாமைக்குப் போட்றாதீங்க' என்றார். 'தோப்புக் கடைசியில தனியா குழி வெட்டி, வருசம் பூராவும் மூடி வெச்சு, அப்பறந்தான் மாமரத்துக்குக்கூட வெக்கறதுங்க. நாய்க் கொடல்ல பூச்சி இருக்குது. நம்ம வவுத்துக்குப் போற செடிக்கு ஆவாதுங்க.' அந்த மனுஷர் என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'மாட்டுச் சாணி மட்டும் வானத்துலருந்தா உளுது? மக்குனா எல்லாம் மண்ணுதான்டா. நோட்டீசுல போட்டிருக்கறான், நீ படிச்சுப் பாத்தியா?' அவருக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தேதான் கேட்டேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நோட்டீசில் நாயைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

உன் அம்மா இன்னும் நேராகச் சொன்னாள். வண்டியை வாசலில் பார்த்ததும் மூக்கைப் பிடிக்கவில்லை, இடுப்பில் கையை வைத்தாள். 'சாணிய நான் கையில அள்ளுவேன், வாசல் தெளிப்பேன், வூடு மொளுகுவேன். இத நான் தொடமாட்டேன். எங்கூட்டுக் கொழம்புக் கீரைக்கு இது வராது, சொல்லிப்புட்டேன்.' பத்தாம்பசலி என்று சொல்லிவிட்டு நானே மண்வெட்டியால் வாரிப் போட்டேன். ஆறு வண்டி. குழி நிறைந்துவிட்டது. ஆனால் அதற்கு ஊற்றத் தண்ணீர் எங்கே? கிணற்றில் மாட்டுக்கும் மனிதருக்குமே பத்தவில்லை. பத்தாம் நாள் கடப்பாரையைச் செருகி உருவினேன், சில்லென்று இருந்தது. நோட்டீசு படித்தவனுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். தெரிந்தும், மேலே சேற்றைப் பூசி அழகாக மெழுகினேன்.

நாலு மாதம் கழித்துத்தான் பார்வையிட வருவதாக இருந்தது. பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று போட்டியை முன்னால் தள்ளிவிட்டார்கள். நாற்பதாம் நாள் குழியைத் திறந்தேன். தாள் தாளாகவே இருந்தது, முடி முடியாகவே இருந்தது. மேலே கொஞ்சம் பழைய மாட்டெருவைத் தூவி மறைத்தேன். எரு வேலை செய்வதைக் காட்ட ஒரு மாதிரிப் பாத்தி வேண்டும் என்று கிராமசேவக் சொன்னார். வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில், உன் அம்மா வெளியூர் போயிருந்த நாளில் அந்த எருவைக் கொட்டிக் கீரை விதைத்தேன். ஊரே காய்ந்து கிடக்கிறது, நம் பாத்தியில் மட்டும் கீரை தளதளவென்று நின்றது. சரசுவுக்கு அப்போது நாலு வயசு. மண் தின்கிற பழக்கம் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும், சுவரைக்கூட நக்குவாள். நாள் முழுக்க அந்தப் பாத்தியில்தான் கிடப்பாள்.

பெரிய அதிகாரி வந்தார். பூட்ஸ் காலோடு பாத்தி ஓரத்தில் நின்று கீரையைப் பார்த்து 'பேஷ், பேஷ்' என்றார். சரசு அங்கே உட்கார்ந்து, பாத்தி மண்ணைப் பிடிபிடியாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான். நான் சிரித்துக்கொண்டே, 'பாருங்க சார், நம்ம எருவை எம்பொண்ணே ருசி பாக்கறா' என்றேன். அதிகாரி சிரித்தார். கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று இன்னொரு பிடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். தம்பி, என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அந்த ஒரு வார்த்தைதான். பின்னால் சொன்ன பொய்கூட அதற்கு அடுத்தபடிதான்.

கலப்பையும் காகிதமும் கிடைத்தன. காகிதத்துக்குச் சட்டம் போட்டு, நீ உட்கார்ந்து படிக்கிற மூலைக்கு மேலே மாட்டினேன்.

மூன்று நாலு மாதம் கழித்து, நீ சோளத்தட்டையை உரித்து, உள்ளே இருக்கிற நெட்டியும் மேல்தோலும் வைத்து அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி செய்து போட்டாய். அவள் அதைப் போட்டுக்கொண்டு வாத்தியார் மாதிரி நடந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதாள். சிவந்திருந்தது. ஒரு வாரத்தில் சிவப்புப் போய்விட்டது. பிறகு அந்தக் கண் ஒருபக்கமாகச் சாய்கிறது என்று உன் அம்மா கவனித்தாள், சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. 'தட்டை குத்திப்புடுச்சு' என்று யார் முதலில் சொன்னது என்று ஞாபகம் இல்லை. சொன்னதும் ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'நான் குத்தலப்பா, கண்ணாடி செஞ்சுதான் போட்டேன்' என்றாய். மாட்டுக் கயிற்றால் அடித்தேன். நீ அடி வாங்கி முடித்துவிட்டு, 'குத்தியிருப்பேன்ப்பா' என்றாய். என்மேல் உனக்கு இருந்த பயம் அப்படி. நீ குத்தினதாக உன் வாயாலேயே சொல்லிவிட்டாய் என்று நான் ஊருக்கெல்லாம் சொன்னேன்.

அப்போதுவரை நானும் அதைத்தான் நம்பினேன் என்பது உண்மை. அதற்குமேல் எனக்குச் சலுகை கிடையாது. மிலிட்டரிக்காரர் கடுதாசி கொடுத்து என்னை வேலூருக்கு அனுப்பினார். உன் அம்மா மாடு கன்றைப் பார்க்க வீட்டில் இருந்தாள், சரசுவைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மட்டும் போனேன். டாக்டர் கண்ணுக்குள் விளக்கு அடித்து வெகுநேரம் பார்த்தார். இது வெளியிலிருந்து குத்தின காயம் இல்லை என்றார். நாய் வயிற்றுப் பூச்சியின் முட்டை மண்ணில் கிடக்கும், குழந்தை அதைத் தின்றால் அது உள்ளே பொரிந்து, ரத்தத்தில் ஊர்ந்து கண்ணுக்குப் போய்விடும் என்றார். வீட்டில் நாய் இருக்கிறதா, குழந்தை மண் தின்னுமா என்று கேட்டார். 'நாய் இல்லீங்க' என்றேன். அது பொய் இல்லை. பார்வை திரும்பாது, இன்னொரு கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தீர்மானம் செய்தேன். மாரப்பன் சொன்னது சரி, உன் அம்மா சொன்னது சரி, ஊரில் நான் இளக்காரம் செய்த அத்தனை பேரும் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒன்பது பத்து வயதுப் பையன் ஒருவன் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டாவது சுலபமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, 'தட்டை பட்ட காயந்தானாம், டாக்டரே சொல்லிட்டாரு' என்றேன். உன் அம்மா உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் மன்னித்துவிட்டாள், அதுதான் கொடுமை. தினம் உன் தட்டில் சோறு போடும்போது அவள் முகத்தில் அந்த மன்னிப்பு இருக்கும், நீ தலையைக் குனிந்து தின்பாய். அவள் கண்ணை மூடுகிறவரை நீதான் என்று நம்பியே போய்விட்டாள். அந்தக் கணக்கை நான் எங்கே போய்த் தீர்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பாட்டுக்குப் பெரிய ஆளாகிக்கொண்டிருந்தேன். மாதிரி விவசாயி என்று பட்டம். கடத்தூர், கம்பைநல்லூர், ஏரியூர் என்று கூட்டத்துக்கு ஜீப்பில் கூட்டிப்போவார்கள். மைக் பிடித்து எருவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன், சுண்டல் கொடுப்பார்கள், துண்டு போர்த்துவார்கள். வீட்டுக்கு வந்தால் சரசு புத்தகத்தை இடதுபக்கமாகச் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பாள். ஒரு கூட்டத்தில்கூட, நாய்க்கொட்டாய்க் குப்பையைக் கீரைக்குப் போடாதீர்கள் என்று நான் சொன்னதில்லை. சொன்னால் 'ஏங்க?' என்று ஒருவன் கேட்பானே. எத்தனை பேர் கேட்டுவிட்டுப் போய் என்னென்ன போட்டார்களோ.

இப்போது உன் நாய்க்கு வருவோம். வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நாய் ஒரு பாவமும் செய்யவில்லை. மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குட்டிக்குப் பூச்சி மருந்து கொடு. குட்டிக்குத்தான் பூச்சி அதிகம், அவர்கள் சொல்கிறபடி திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதன் பீயையும் படுக்கை வைக்கோலையும் அன்றன்றைக்கு வாரிவிடு, நாள் கணக்கில் கிடக்கவிடாதே. இடம் இருந்தால், கிணறு குழாய் எதற்கும் பக்கத்தில் இல்லாமல், தனியாக இடுப்பளவு குழி வெட்டி அதில் போட்டு, ஒவ்வொரு தடவையும் மண் மூடு. நிறைந்ததும் இரண்டு வருஷம் அதை மறந்துவிடு. பிறகும் அது செம்பருத்திக்கோ வேலி மரத்துக்கோதான். கீரை, தக்காளி, கிழங்கு, வாயில் வைக்கிற எதற்கும் கிடையாது. என்னிடமே குழி சூடு ஏறவில்லை, நாலு மாம்பழத் தோலைப் போட்டுவிட்டுச் சூடு ஏறும் என்று நீ நினைக்காதே. பாய் விரிக்கிற இடத்தில் இதெல்லாம் முடியாது என்று தோன்றினால், காகிதத்தில் சுற்றி முனிசிபாலிட்டித் தொட்டியில் போட்டுவிட்டுப் போ. எருவாக்கவில்லை என்று உன்னை யாரும் கேட்கப் போவதில்லை. உனக்குக் குழந்தை பிறந்தால், அது தவழ்கிற மண்ணில் நாயை விடாதே. குழந்தை மண்ணை வாயில் வைத்தால், பக்கத்தில் எவ்வளவு பெரிய மனுஷன் நின்றாலும் ஓடிப்போய்த் தட்டிவிடு.

பெண்வீட்டாரிடம் நீ அடித்த வசனத்தையும் திரும்ப வாங்கிக்கொள். செய்யாத குற்றத்துக்குப் பரிகாரம் செய்கிறேன் என்று வருகிற மருமகள் தலையில் கட்டினால், அவள் எந்தக் குற்றத்துக்காக அதைச் சுமக்க வேண்டும்? நீ உன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். நானும் அந்தப் பாத்தியைப் போடும்போது என்னை அப்படித்தான் நினைத்தேன். தன்னைப் பற்றிப் பெரிதாக நினைத்துக்கொண்டு ஒருவன் செய்கிற காரியத்தில் பக்கத்தில் இருப்பவள்தான் அடிபடுகிறாள். இதில் நீ எனக்குப் பிள்ளையாக இருக்க வேண்டாம்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் சரசுவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதில் மட்டும் முறை தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, உனக்கு இப்போது எழுதியதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். ருசி பார்க்கிறாள் என்று சிரித்ததையும் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும், 'அம்மாவுக்குத் தெரியுமாங்க?' என்று கேட்டாள்.

'தெரியாது' என்றேன்.

'அண்ணனுக்கு?'

'இனிமேதான் எழுதணும்.'

உரித்த தோலை முறத்திலிருந்து ஒதுக்கித் தள்ளினாள். பிறகு, 'கண்ணு எனக்குப் போச்சு. அடிய அண்ணன் வாங்குச்சு. அம்மா அழுதுச்சு. நீங்க என்ன பண்ணுனீங்க?' என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். 'கூட்டத்துல பேசுனீங்க' என்று அவளே சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சோறு போட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், எதிரில் நிற்பதில்லை. நேற்று ஒன்று மட்டும் சொன்னாள், அதை அவள் சொன்னபடியே எழுதச் சொன்னாள். 'பாவத்துக்குப் போடற சோறு எனக்கு வேண்டாம்னு அண்ணனுக்கு எழுதுங்க. நான் டீச்சர் டிரெயினிங் போறேன், எஞ்சோத்த நான் பாத்துக்கறேன். தங்கச்சி வான்னு கூப்புட்டா லீவுக்கு வர்றேன்.' எழுதிவிட்டேன். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்டு எழுத மாட்டேன்.

நீ அவளைக் குத்தவில்லை. கண்ணாடி செய்து போட்டாய், அவள் சந்தோஷமாக நடந்தாள், அவ்வளவுதான் நடந்தது. இதை ஒருமுறை உரக்கப் படித்துக்கொள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட நான் கடத்தூர் போவதாக இருந்தேன். சரசு விடவில்லை. நான் எழுதி முடிக்கிறவரை வாசற்படியில் நிற்கிறாள். வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை தானே படித்துப் பார்த்து, தானே ஒட்டி, தானே பஸ் ஏறிப் போய்ப் போடப்போகிறாளாம். என் கையில் கொடுத்தால் நான் போடுவேன் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை.

அப்பா